சென்னையில் பயில்நிலை வானியல்

சென்னையில் பயில்நிலை வானியல் என்பது, வானியலைத் தொழிலாகக் கொள்ளாதோர் சென்னை மாநகரின் மொட்டை மாடிகள், பள்ளி வளாகங்கள், கடற்கரை முதலிய இடங்களிலிருந்து சிறு தொலைநோக்கிகளைக் கொண்டு மேற்கொள்ளும் வான் நோக்கலையும், வான்பொருட்களை ஒளிப்படம் எடுப்பதையும் குறிக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் ஒளி மாசு, கடற்காற்றின் ஈரப்பதம், பருவமழை முகில்கள் ஆகியன இதற்குத் தடைகளாக உள்ளன. அதே வேளையில், நகரம் ஏறத்தாழ 13 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்துள்ளதால் நிலவும் கோள்களும் தலைக்கு மேலே உயர்ந்து செல்கின்றன. ஐரோப்பாவிலிருந்து காண இயலாத தென்வானப் பொருட்கள் பலவும் இங்கு தெரிகின்றன. எனவே சென்னைக்கு ஏற்ற கருவிகளும் நோக்கல் முறைகளும், குளிர் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் பரிந்துரைப்பவற்றிலிருந்து சில வகைகளில் வேறுபடுகின்றன.

வரலாறு

சென்னையின் தற்கால வானியல் ஒரு தனியாரின் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி 1786 இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். அதில் 3 அங்குல விட்டமுடைய இரு நிறப்பிறழ்ச்சியற்ற தொலைநோக்கிகள், இரு வானியல் மணிகாட்டிகள், விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் ஒரு கருவி ஆகியன இருந்தன. இன்று தொடக்கநிலையர் வாங்கும் சிறு தொலைநோக்கியின் விட்டமும் ஏறத்தாழ இதே அளவுதான். பின்னர் கம்பனி இவ்வானாய்வகத்தைப் பொறுப்பேற்று, 1792 இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி புதிய கட்டிடத்தை நிறுவியது. முதல் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன், நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது.

சென்னை வானாய்வகத்தில் டி. ஜி. டெய்லர் தொகுத்த 11,015 விண்மீன்களின் அட்டவணை 1844 இல் வெளியானது. 1861 முதல் 1891 வரை பொறுப்பு வகித்த நார்மன் போக்சன், 1861 ஏப்ரல் 17 அன்று ஏசியா என்னும் சிறுகோளை இங்கிருந்து கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் என்பதால் அதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867 இல் தென்வானில் உள்ள ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் ஒளி மாறுபடுவதைக் கண்டறிந்தார். அவ்விண்மீன் சென்னையின் தென் தொடுவானிலிருந்து 14 பாகைக்கு மேல் உயர்வதில்லை. இன்று நகரின் நடுவிலிருந்து அவ்வளவு தாழ்வான ஒரு மங்கலான விண்மீனைத் தேடுவது மிகக் கடினம்.

1899 இல் வானியற் பணிகள் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. 1960களின் இறுதியில் சவ்வாது மலையில் உள்ள காவலூரில் புதிய வானாய்வகம் உருவாகியது. சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால் அமைந்த இதற்கு 1986 இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. தொழில்முறை வானியல் நகரை விட்டு மலைகளுக்குச் சென்ற பின்னர், சென்னைக்குள் வான் நோக்கல் பெரும்பாலும் ஆர்வலர்களின் கையிலேயே உள்ளது.

சென்னையின் வானம்

அகலாங்கின் பயன்

ஓரிடத்தின் அகலாங்கு எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில் அங்கு வான்துருவம் தெரியும். சென்னையில் துருவ விண்மீன் வடக்குத் தொடுவானிலிருந்து 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது. 30 மீட்டர் தொலைவில், நோக்குநரின் கண்மட்டத்தைவிட 7 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு கட்டிடமே அதை மறைத்துவிடும்.

மாறாக, சூரிய வீதி தலைக்கு மிக அருகில் செல்கிறது. ஏப்ரல் 24, ஆகத்து 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்று, நிமிர்ந்த கம்பத்தின் நிழல் மறைகிறது. வியாழன், சனி ஆகிய கோள்கள் சூரிய வீதியை ஒட்டியே நகர்வதால், அவை உச்சிக்கோட்டைக் கடக்கும்போது சென்னையில் எந்த ஆண்டிலும் 50 பாகைக்குக் கீழே இருப்பதில்லை. இலண்டனில் அதே கோள்கள் சில ஆண்டுகளில் 16 அல்லது 17 பாகை உயரத்தையே எட்டுகின்றன. உயரம் கூடும்போது ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் குறைவதால் கோளின் உருவம் கூர்மையாகத் தெரிகிறது.

தெற்கில் அகத்தியம் எனப்படும் கனோபசு 24 பாகை உயரத்தையும், ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் கோளக் கொத்து 29 பாகை உயரத்தையும், தென்சிலுவையின் முதன்மை விண்மீன் 14 பாகை உயரத்தையும் அடைகின்றன.

ஒளி மாசு

தெருவிளக்குகள், விளம்பரப் பலகைகள், கடை விளக்குகள் ஆகியவற்றின் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்துளிகளிலும் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. அமெரிக்க ஆர்வலர் ஜான் பார்ட்டில் 2001 இல் வெளியிட்ட ஒன்பது படிநிலை அளவுகோலில் பெருநகரங்களின் நடுப்பகுதி 8 அல்லது 9 ஆம் படியில் அமையும். தியாகராய நகர் போன்ற வணிகப் பகுதிகள் இத்தகையன.

விண்மீன்களின் ஒளிப்பொலிவெண்ணில் ஐந்து அலகு வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம். சென்னைக்கு வருவதற்கு முன் 1856 இல் போக்சன் முன்மொழிந்த வரையறை இது. இருண்ட மலைப்பகுதியில் வெறுங்கண்ணால் 6.5 வரையிலான விண்மீன்களைக் காணலாம். நகர நடுவில் இது 3.5 அளவுக்குச் சுருங்குமானால், இழப்பு மூன்று அலகு, அதாவது ஏறத்தாழ 16 மடங்கு ஆகும். முழு வான்கோளத்திலும் 6.5 வரை சுமார் 9,000 விண்மீன்கள் உள்ளன; 3.5 வரை உள்ளவை சுமார் 300 மட்டுமே.

ஒளி மாசு எல்லா வான்பொருட்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள், பொலிவான விண்மீன் கொத்துகள் ஆகியவற்றுக்கு அதனால் பெரிய இழப்பில்லை. பரந்து மங்கிய விண்மீன் பேரடைகளும் விண்முகில்களுமே அதிகம் மறைகின்றன. கிழக்குத் திசையில் வங்கக் கடல் இருப்பதால், மயிலாப்பூர், பெசன்ட் நகர் முதலிய கடலோரப் பகுதிகளில் கீழ்வானம் மேல்வானத்தைவிட இருண்டு காணப்படும்.

பருவகாலம்

சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் நோக்கலுக்கு மிகவும் ஏற்றவை. சனவரியில் விடியற்காலைப் பனிமூட்டம் இருக்கக்கூடும். சூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் இடிமுகில்கள் அடிக்கடி திரள்கின்றன. எனினும் மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் தூசி அடங்கி வானம் தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் ஆகும்.

மொட்டை மாடி

பகலில் சூடேறிய கற்காரைத் தளம் இரவு நெடுநேரம் வரை வெப்பத்தை உமிழ்கிறது. அதற்கு மேலுள்ள காற்று அலைவதால் தொலைநோக்கியில் உருவம் நீருக்கடியில் இருப்பது போல் நெளியும். இதனால் மாலை ஏழு மணியைவிட இரவு பத்து மணிக்குப் பின்னர் கோள்கள் தெளிவாகத் தெரிகின்றன. குளிர்பதனப் பெட்டிகளின் வெளி அலகுகளுக்கு மேலாக வரும் பார்வைக்கோடும் தவிர்க்கப்பட வேண்டும். மாடியின் கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால், தரையோடு அமரும் குட்டையான தொலைநோக்கிகளுக்குத் தாழ்வான தென்வானம் மறைந்துவிடும். உறுதியான மேடை ஒன்று தேவைப்படும்.

தொலைநோக்கிக்கு முன்

முதல் சில மாதங்கள் வெறுங்கண்ணால் விண்மீன் குழுக்களை அறிந்துகொள்வது பயனுள்ளது. தமிழர்களுக்குப் பழக்கமான நாள்மீன் பெயர்கள் இதற்கு உதவும். கார்த்திகை, உரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, கேட்டை ஆகிய யாவும் நகரிலிருந்தே தெரியக்கூடியவை. திருமணச் சடங்கில் சுட்டிக்காட்டப்படும் அருந்ததி, எழுமீன் கூட்டத்தில் வசிட்டருக்கு அருகில் உள்ளது. மார்ச்சு முதல் சூன் வரை இரவில் வடவானில் இவ்விணையைக் காணலாம். நகர வானில் அருந்ததியைப் பிரித்தறிய இருகண்ணோக்கி தேவைப்படலாம். சிறு தொலைநோக்கியில் வசிட்டரே இரு விண்மீன்களாகப் பிரிந்து தெரியும்.

10×50 எனக் குறிக்கப்படும் இருகண்ணோக்கி பத்து மடங்கு உருப்பெருக்கமும் 50 மி.மீ. வில்லையும் உடையது. இதை முக்காலியில் பொருத்தினால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், நிலவின் பள்ளங்கள், கார்த்திகைக் கொத்து ஆகியவற்றைக் காணலாம். பின்னர் தொலைநோக்கி வாங்கினாலும் இது பயனற்றுப் போவதில்லை. ஸ்டெல்லாரியம் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எந்த நேரத்தில் எந்தப் பொருள் எங்கு தெரியும் என்பதைக் காட்டுகின்றன.

தொலைநோக்கி

அடிப்படை அளவுகள்

தொலைநோக்கியின் திறனை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் முகப்பு வில்லை அல்லது முதன்மை ஆடியின் விட்டமே ஆகும். உருப்பெருக்கம் அன்று. 150 மி.மீ. விட்டமுடைய ஆடி, இருளில் 7 மி.மீ. அளவு விரிந்த கண்மணியைவிட ஏறத்தாழ 460 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. அது பிரித்துக்காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் 0.8 விகலை ஆகும்.

உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்துப் பெறுவது. 1,200 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. வில்லை 48 மடங்கும், 10 மி.மீ. வில்லை 120 மடங்கும் பெருக்கும். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே பயன்தரும் மேல் எல்லை ஆகும். ஆகவே 60 மி.மீ. தொலைநோக்கி 500 மடங்கு பெருக்கும் என அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தால் அது பயனற்ற எண்ணாகும். உருவம் மங்கிக் கலங்கும். கடைகளில் விளையாட்டுப் பொருட்களோடு விற்கப்படும் இத்தகைய கருவிகளாலும், அவற்றின் ஆடும் முக்காலிகளாலும் மனம் சலித்து வானியலையே கைவிடுவோர் பலர்.

வகைகள்

* ஒளிவிலகல் தொலைநோக்கி: முன்புறம் வில்லை உடையது. 70 முதல் 90 மி.மீ. வரையுள்ளவை எடை குறைந்தவை, பராமரிப்பும் குறைவு. மின்தூக்கி இல்லாத அடுக்கு வீடுகளில் மாடிக்கு எடுத்துச் செல்ல எளியவை. மலிவானவற்றில் பொலிவான பொருட்களைச் சுற்றி ஊதா நிற விளிம்பு தோன்றும்.
* நியூட்டன் வகைத் தெறிப்புத் தொலைநோக்கி: குழிவாடியால் ஒளியைக் குவிப்பது. ஒரே விலைக்கு மிகுந்த விட்டம் கிடைப்பது இதில்தான். ஆடிகளின் ஒளியச்சை அவ்வப்போது சீரமைக்க வேண்டும்.
* கலப்பு வகை: மாக்சுடோவ், சிமிட்-காசகிரெயின் ஆகியன வில்லையும் ஆடியும் இணைந்தவை. குழாய் குட்டையானது, குவியத் தூரம் நீண்டது. நிலவுக்கும் கோள்களுக்கும் ஏற்றவை என்பதால் சிறிய உப்பரிகைகளுக்குப் பொருத்தமானவை. விலை கூடுதல்.

தாங்கிகள்

தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கி, ஆடிக்கு இணையான முதன்மை உடையது. நூறு மடங்கு பெருக்கத்தில் தாங்கியின் சிறு அதிர்வும் நூறு மடங்காகத் தெரியும்.

மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் தாங்கி எளிமையானது. இதன் மலிவான, உறுதியான வடிவம் டாப்சன் தாங்கி ஆகும். ஒட்டுப்பலகையால் தச்சரே செய்யக்கூடிய இதைப் பரப்பியவர் அமெரிக்கரான ஜான் டாப்சன் (1915-2014). அவர் 1944 இல் சான் பிரான்சிசுகோவில் உள்ள வேதாந்த சங்கத்தில் சேர்ந்து 1967 வரை துறவியாக இருந்தார். அது மயிலாப்பூர் மடத்தைப் போலவே இராமகிருட்டிண துறவற அமைப்பைச் சார்ந்ததாகும். பின்னர் அவர் தெருவோரத்தில் தொலைநோக்கியை வைத்து வழிப்போக்கர்களுக்கு நிலவைக் காட்டும் வழக்கத்தைத் தோழர்களுடன் சேர்ந்து தொடங்கினார். டாப்சன் தாங்கியைச் சரியாகத் தலைக்கு மேலே உள்ள பொருளை நோக்கித் திருப்புவது கடினம். சென்னையில் கோள்கள் உச்சிக்கு அருகே செல்வதால், அவை உச்சியை அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ நோக்குவது வசதியானது.

துருவ அச்சுத் தாங்கியின் ஓர் அச்சு வான்துருவத்தை நோக்கி நிறுத்தப்படும். அந்த அச்சை மட்டும் சுழற்றி விண்மீன்களைத் தொடரலாம் என்பதால் நீண்ட நேர ஒளிப்படத்துக்கு இதுவே ஏற்றது. சென்னையில் இதற்கு இரு இடர்கள் உள்ளன. முதலாவது, சில தாங்கிகளின் சாய்வுச் சீரமைப்பு 15 அல்லது 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. முக்காலியின் ஒரு காலைத் தாழ்த்தியோ உயர்த்தியோ ஈடுசெய்ய வேண்டும். எதிர் எடைத் தண்டு முக்காலியில் இடிக்கிறதா என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும். இரண்டாவது, துருவ விண்மீன் பெரும்பாலும் கட்டிடங்களுக்குப் பின்னால் இருக்கும். அப்போது விண்மீன்களின் நகர்வை நோக்கித் திருத்தும் முறையையோ, வானத்தைப் படமெடுத்துக் கணினி வழியே திசை அறியும் முறையையோ பயன்படுத்தலாம்.

தொடக்கநிலையருக்கான தெரிவு

நகரில் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் வாங்குவோருக்கு 130 முதல் 150 மி.மீ. வரையிலான டாப்சன் வகைத் தொலைநோக்கி பொதுவாகப் பொருத்தமானது. மாடிப்படி ஏறிச் சுமக்க இயலாத பெரிய கருவியைவிட, ஐந்து நிமிடத்தில் மாடிக்குக் கொண்டு செல்லக்கூடிய சிறிய கருவியே அதிக இரவுகள் பயன்படும்.

சொந்தமாக ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்வோரும் உள்ளனர். இரு கண்ணாடி வட்டுகளுக்கிடையே தேய்ப்புத் துகளையும் நீரையும் இட்டுத் தேய்க்கும்போது மேல்வட்டு குழிவாகவும் கீழ்வட்டு குவிவாகவும் மாறுகின்றன. படிப்படியாக நுண்ணிய துகளால் தேய்த்து, கீல் பூசிய அடித்தட்டின் மீது சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றப்படும். ஆடியின் வடிவப் பிழைகளை லியோன் ஃபூக்கோ 1850களின் இறுதியில் வகுத்த கத்திமுனைச் சோதனையால் அறியலாம். ஒரு சவர அலகும் சிறு விளக்கும் இதற்குப் போதும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு மின்னணுச் சந்தையில் கிடைக்கும் மின்னோடிகள், மின்வழங்கிகள் முதலியன தாங்கியை இயக்கும் அமைப்புகளைச் செய்ய உதவுகின்றன.

நகரிலிருந்து காணத்தக்கவை

கீழுள்ள பட்டியல் இரவு 9 மணி அளவில் நன்கு தெரிபவற்றைக் காட்டுகிறது.

* சனவரி - பிப்ரவரி: கார்த்திகைக் கொத்து; ஓரியன் விண்முகில் (71 பாகை உயரம் வரை எழுவதால் நகரிலும் தெளிவாகத் தெரியும் ஒரே பெரிய விண்முகில் எனலாம்); தெற்கில் அகத்தியம்.
* மார்ச்சு - ஏப்ரல்: பூசம் எனப்படும் கடகக் கொத்து, சிம்மத்தின் அல்சீபா என்னும் பொன்னிற இரட்டை விண்மீன், ஏப்ரல் இறுதியில் தெற்கே தாழ்வாக ஈட்டா கரினா விண்முகில்.
* மே - சூன்: திரிசங்கு எனப்படும் தென்சிலுவை, ஒமேகா சென்டாரி, சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதியைச் சேர்ந்த ஆல்ஃபா சென்டாரி இரட்டை.
* சூலை - ஆகத்து: கேட்டை, விருச்சிகத்தின் வாலருகே மெசியர் 6, மெசியர் 7 கொத்துகள்.
* செப்டம்பர் - திசம்பர்: அல்பிரியோ என்னும் இரு நிற இரட்டை, முகில் விலகும் இரவுகளில் அந்திரொமேடா பேரடையின் நடுப்பகுதி.

நிலவு எல்லா மாதங்களிலும் காணத்தக்கது. முழுநிலவன்று நிழல்கள் இல்லாததால் அதன் மேற்பரப்பு தட்டையாகத் தோன்றும். வளர்பிறை ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை ஒளி-இருள் எல்லைக்கோட்டை ஒட்டிய மலைகளும் பள்ளங்களும் நீண்ட நிழல்களுடன் தெரியும். சனியின் வளையங்களைக் காண 40 அல்லது 50 மடங்கு பெருக்கம் போதும். 2025 மார்ச்சில் வளையங்களின் விளிம்பு பூமியை நோக்கி அமைந்து அவை மெல்லிய கோடாகச் சுருங்கின. அதன் பின்னர் ஆண்டுதோறும் அவை மீண்டும் விரிந்து வருகின்றன.

வானியல் ஒளிப்படவியல்

கைப்பேசியும் ஒளிப்படக் கருவியும்

மிக எளிய முறை, கண்ணருகு வில்லையின் பின்னால் கைப்பேசியை ஒரு பற்றியால் பொருத்தி நிலவைப் படமெடுப்பதாகும். ஒளியளவைக் கையால் குறைத்து, தாமதப் பொத்தானைப் பயன்படுத்தினால் அதிர்வு இன்றிப் படம் கிடைக்கும்.

வில்லை மாற்றக்கூடிய ஒளிப்படக் கருவியை டி-வளையம் என்னும் இணைப்பானால் தொலைநோக்கியிலேயே பொருத்தலாம். அப்போது தொலைநோக்கியே வில்லையாகச் செயற்படுகிறது. குவியத் தூரத்தை 110 ஆல் வகுத்தால் நிலவின் உருவ அளவு ஏறத்தாழக் கிடைக்கும், 1,200 மி.மீ. குவியத் தூரத்துக்கு இது 11 மி.மீ. ஆகும். சில நியூட்டன் தொலைநோக்கிகளில் குவியப்புள்ளி ஒளிப்படக் கருவியின் உணரியை எட்டுவதில்லை. பார்லோ வில்லை ஒன்றை இடையில் சேர்த்தால் இக்குறை நீங்கும்.

தொடரும் தாங்கி இல்லாமல் விண்மீன்களைப் படமெடுக்க, 500 ஐ வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் நொடிகளுக்குள் திறப்பு நேரம் இருக்க வேண்டும். 50 மி.மீ. வில்லைக்கு இது 10 நொடி. அதற்கு மேல் விண்மீன்கள் கோடுகளாக நீளும். நுண்ணிய படப்புள்ளிகள் கொண்ட தற்காலக் கருவிகளுக்கு இதனினும் குறைந்த நேரமே பொருந்தும்.

கோள்கள்

நகரில் வாழும் ஒளிப்பட ஆர்வலருக்கு மிகுந்த பலன் தருபவை கோள்களே. சிறு நிகழ்படக் கருவியால் நொடிக்குப் பல பத்துப் படங்கள் வீதம் ஓரிரு நிமிடங்கள் பதிவுசெய்து, காற்று அமைதியாக இருந்த கணங்களில் விழுந்த கூர்மையான படங்களை மட்டும் மென்பொருள் வழியே தேர்ந்து அடுக்குவர். ஆட்டோஸ்டேக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் ஆகியன இதற்குப் பயன்படும் இலவச மென்பொருள்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைச் சுற்றுவதால், பதிவு இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டினால் அதன் முகில் பட்டைகளின் விவரம் கலையும்.

விண்முகில்களும் கொத்துகளும்

மங்கலான பொருட்களுக்குப் பல குறுகிய திறப்புகளை எடுத்து, டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் முதலிய மென்பொருள்களால் அடுக்குவது வழக்கம். அடுக்கும் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. இவற்றுடன் வில்லையை மூடி எடுக்கும் இருட்படங்களும், சீரான ஒளிப்பரப்பை எடுக்கும் சமன்படங்களும் தேவை. சென்னையின் வெப்பமான இரவுகளில் உணரியின் வெப்ப இரைச்சல் கூடுவதால் இருட்படங்கள் இங்கு முதன்மை பெறுகின்றன.

சோடியம் ஆவி விளக்குகளின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பகுதியில் குவிந்திருந்ததால், அதை மட்டும் தடுக்கும் வடிகட்டிகள் முன்பு நன்கு பயன்பட்டன. 2010களில் சென்னைத் தெருவிளக்குகள் பெரும்பாலும் ஒளியுமிழ் இருமுனைய விளக்குகளாக மாற்றப்பட்டன. அவற்றின் வெண்ணிற ஒளி நிறமாலை முழுவதும் பரவியுள்ளதால் பழைய வடிகட்டிகளின் பயன் குறைந்தது. ஐதரசன்-ஆல்ஃபா (656.3 நானோமீட்டர்), ஆக்சிசன்-3 (500.7 நானோமீட்டர்) ஆகிய கோடுகளை மட்டும் கடத்தும் குறும்பட்டை வடிகட்டிகள் ஒளிரும் விண்முகில்களுக்கு நகரிலும் உதவுகின்றன. பேரடைகளின் ஒளி விண்மீன்களின் தொடர் நிறமாலை என்பதால் அவற்றுக்கு இவை உதவுவதில்லை. அவற்றுக்கு இருண்ட வானமே தீர்வு.

2020களில், பொருளைத் தானே தேடிப் படமெடுத்து அடுக்கும் சிறு தானியங்கித் தொலைநோக்கிகள் பரவின. 2023 இல் வெளிவந்த 50 மி.மீ. விட்டமுடைய சீஸ்டார் எஸ்50 இவ்வகையைச் சேர்ந்தது. துருவ விண்மீன் தெரியாத மாடியிலிருந்தும் இவை இயங்கும். கண்ணருகு வில்லை இல்லாததால் நேரடிப் பார்வைக்கு இவை பயன்படா. கோள்களுக்கும் இவற்றின் விட்டமும் குவியத் தூரமும் போதா.

கருவிப் பராமரிப்பு

சென்னையின் ஈரப்பதத்தில் வில்லைகளின் மீது பூஞ்சை படர்வது பொதுவான இழப்பாகும். பூஞ்சை வெளியிடும் அமிலம் வில்லைப் பூச்சை அரித்துவிட்டால் மீட்க இயலாது. கண்ணருகு வில்லைகளையும் ஒளிப்படக் கருவியையும் காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா கூழ்மப் பொட்டலங்களுடன் வைத்து, பொட்டலங்கள் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்த வேண்டும். பனி படிந்த கருவியை உடனே மூடி வைக்காமல், அறைக்குள் உலர்ந்த பின்னரே மூட வேண்டும்.

பெசன்ட் நகர், மயிலாப்பூர் கடலோரங்களில் உப்புக் காற்று ஆடியின் அலுமினியப் பூச்சை விரைவில் கெடுக்கும். கடற்கரையில் பயன்படுத்திய பின் முக்காலியை ஈரத்துணியால் துடைப்பது நன்று. ஆடியைத் துணியால் தேய்க்கலாகாது. தூசி மிகுந்தால் வாலைவடிநீரில் அலசி, பஞ்சால் அழுத்தமின்றி ஒற்ற வேண்டும்.

பாதுகாப்பு

தொலைநோக்கி அல்லது இருகண்ணோக்கி வழியே சூரியனைப் பார்த்தால் நொடிப்பொழுதில் விழித்திரை எரிந்து நிலையான பார்வையிழப்பு ஏற்படும். விழித்திரையில் வலியுணர்வு இல்லாததால் பாதிப்பு நேர்வதை அப்போது அறிய முடியாது. தொலைநோக்கியின் முன்புறத்தை முழுமையாக மூடும், இதற்கெனத் தயாரித்த வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது. மலிவான கருவிகளுடன் வரும், கண்ணருகு வில்லையில் திருகும் கருநிறச் சூரிய வடிகட்டி குவிந்த வெப்பத்தால் திடீரென வெடிக்கக்கூடும். அதை எறிந்துவிட வேண்டும். ஊடுகதிர்ப் படத்தாள், புகையேற்றிய கண்ணாடி, குறுந்தகடு ஆகியன ஏற்றவையல்ல. பகலில் கருவியை மூடாமல் மாடியில் விட்டுச் செல்வது சிறுவர்களுக்கு ஆபத்தாகும். தேடு தொலைநோக்கியையும் மூட மறக்கலாகாது.

பச்சை நிற லேசர் சுட்டியை வானூர்திகள் செல்லும் திசையில் ஒருபோதும் காட்டக்கூடாது. அடுக்குமாடிகளில் தொலைநோக்கி வைப்பது அண்டை வீட்டாரிடம் ஐயத்தை உண்டாக்கலாம். குடியிருப்போர் சங்கத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, முதல் இரவிலேயே அவர்களுக்கு நிலவைக் காட்டுவது நல்ல பயனைத் தரும்.

அறிவியற் பங்களிப்பு

மாறொளிர் விண்மீன்களின் பொலிவைத் தொடர்ந்து மதிப்பிடுவது சிறு கருவிகளால் செய்யக்கூடிய பணியாகும். 1911 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கம் உலகெங்கிலுமிருந்து ஆர்வலர்களின் மதிப்பீடுகளைப் பெற்றுத் தொகுக்கிறது. 2019 இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கியபோது, அம்மாற்றத்தை நகரிலிருந்தே வெறுங்கண்ணால் அறிய முடிந்தது. பொலிவு அளவீட்டில் ஒரே படத்திலுள்ள அண்டை விண்மீன்களுடன் ஒப்பிடுவதால், வானத்தின் வெளிறல் முழுத் தடையாக அமைவதில்லை. நிலவு விண்மீன்களை மறைக்கும் நேரத்தைத் துல்லியமாகப் பதிவுசெய்வதும் இத்தகைய பணியே.

அமைப்புகளும் இடங்களும்

கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் உள்ள பிர்லா கோளரங்கம் 1988 இல் திறக்கப்பட்டது. அடையாறு, மயிலாப்பூர் மாணவர்கள் எளிதில் சென்றடையக்கூடிய இடம் இது. 1980 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், பொதுமக்களிடையே அறிவியலைப் பரப்பும் தன்னார்வ அமைப்பாகும். துளிர் என்னும் சிறுவர் அறிவியல் இதழையும் வெளியிட்டு வருகிறது. 2004 சூன் 8, 2012 சூன் 6 ஆகிய நாட்களில் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வுகளும், 2019 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த சூரிய மறைப்பும் சென்னையிலிருந்து தெரிந்தன. 2019 மறைப்பு கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் வலய மறைப்பாகவும் சென்னையில் பகுதி மறைப்பாகவும் அமைந்தது. 2031 மே 21 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென் பகுதியிலும் அடுத்த வலய மறைப்பு தெரியும்.

இருண்ட வானத்தை நாடுவோர் அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் ஏலகிரி, சவ்வாது மலைப் பகுதிகளுக்குச் செல்லலாம். காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில், சென்னையை ஒத்த அகலாங்கிலேயே அமைந்துள்ளது. ஆகவே சென்னை மாடியில் தெரியும் அதே விண்மீன் குழுக்களே அங்கும் தெரியும். இடையில் உள்ள வெளிறல் மட்டும் நீங்கியிருக்கும். நகரில் கற்றுக்கொண்ட திசைகளும் நாள்மீன்களும் அங்கும் அப்படியே பயன்படும்.